வாசலில் கிடந்த உன் காலணி

குவாங்ஜு, குளிர் தொடங்கிய வாரம்

அன்புள்ள உனக்கு,

நீ இருக்கும் பூசானில் கடற்காற்று அடிக்கும். கழுத்தை மூடிக்கொள்.

என் கலைக் கண்காட்சி திறந்தாயிற்று. அந்தப் பெரிய சிமெண்ட் கூடத்தின் நடுவில், நம் வீட்டில் இருப்பதுபோல் எண்ணெய்க் காகிதம் ஒட்டிய தரை ஒன்றைப் போட்டிருக்கிறேன். சுவரும் இல்லை, கூரையும் இல்லை. ஒரு மூலையில் மட்டும் அடியில் சூடு. நீ வேலையிலிருந்து வரும்வரை சோறு ஆறாமலிருக்கப் போர்வைக்கடியில் உன் கிண்ணத்தை வைத்திருப்பேனே, அந்த மாதிரி மூலை. காலணியைக் கழற்றிவிட்டு நடந்தால்தான் அது காலுக்குத் தெரியும்.

ஒருவரும் கழற்றவில்லை. ஓரமாக நின்று படமெடுத்துக்கொண்டு போனார்கள். அறிவிப்புப் பலகை வைக்க எனக்கு மனமில்லை. காவலுக்கு இருக்கும் மால்சுன் அக்காதான் சிரித்தார். "அடி பைத்தியமே, வாசல்ல ஒரு ஜோடி கெடந்தாத்தானே மத்தவங்களும் கழட்டுவாங்க. காலியா இருந்தா வீடுன்னு யாருக்குத் தெரியும்?"

நம் வீட்டு வாசலிலிருந்து உன் பழுப்புக் காலணியை எடுத்துவந்து அந்தத் தரையின் ஓரத்தில் வைத்தேன். நீ புதியதைப் போட்டுக்கொண்டு போனபின் அது அங்கேயேதான் கிடந்தது. தனியாக இருக்கும் பெண்ணின் வாசலில் ஆண் காலணி கிடப்பது பாதுகாப்பு என்று தங்கை சொன்னாள். அதனால்தான் எடுக்கவில்லை. வேறு காரணமில்லை.

இப்போது நல்ல கூட்டம். சூடு காலில் பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். நேற்று எல்லோரும் போனபின் அக்கா உன் காலணியைப் பார்த்தபடி சாவியோடு நின்றார்.

"இன்னும் ஒருத்தர் உள்ள இருக்காரு போலிருக்கே. பூட்டவா?"

கேலிக்குத்தான் கேட்டார். நான், "கொஞ்சம் பொறுங்கக்கா" என்று சொல்லிவிட்டேன்.

நம் வீட்டு வாசலில் அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது. வந்தால், போட்டிருப்பதைக் கழற்றி அங்கே வை.

மூலையின் சூட்டை இன்னும் அணைக்காத,
நான்