நாய்க்கோட்டு

தேவிகுளம்
12-1-1956

அப்பாவுக்கு இசக்கிமுத்து கும்பிட்டு எழுதுவது. இங்கே நான் சுகம். உங்க கெண்டைக்கால் வலி இந்தப் பனியில் எப்படி இருக்கு?

நீங்க குடுத்தனுப்பின முரட்டுக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கிட்டு முந்தாநாள் தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போனேன். சுடலைக் கங்காணி பார்த்துட்டு, "நாய்க்கோட்டு திரும்பி வந்திருக்குடே"ன்னார். வயசாளிங்க எல்லாரும் சிரிச்சாங்க. உள்துணியில இருக்கிற கறையை வச்சுத்தான் கண்டுபிடிச்சார். அந்தக் காலத்துல வேட்டைநாயைப் பழக்க, வெள்ளைக்காரத் தொரை தன் கோட்டை ஒரு ஆளுக்குப் போட்டுச் சரிவுல ஓடவிட்டு, பின்னாலேயே நாயை அவுத்துவிடுவாராம். "உங்கப்பன் நல்லா ஓடுவான், ஒருநாள்தான் சறுக்கிட்டான். ரத்தம் பட்ட கோட்டு வேண்டாம்னு தொரை அவன்கிட்டயே விட்டுட்டார்"ன்னார்.

தொரை தன் தோள்லயிருந்து கழற்றி உங்களுக்குப் போட்டுவிட்டார்னு நீங்க சொன்னது நெசம்தான். அதைத் தொட்டதுக்குத்தானே சின்ன வயசுல என்னை வாரால அடிச்சீங்க.

நானும் அவங்களோட சேர்ந்து சிரிச்சுட்டேன், வருத்தப்படாதீங்க. அம்மாவுக்கு இதை எழுதலை. அவளுக்கு, நீங்க சொன்னபடி, உங்களைக் கடிச்சது சிறுத்தையாவே இருக்கட்டும்.

முடிஞ்சா ஒரு போர்வை அனுப்புங்க. சங்கு ஊதிட்டாங்க, ஓடணும். கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் போறேன்.

இசக்கிமுத்து