மெஷினில் கட்டிய மஞ்சள் துணி

கஜா பேராங், மலாக்கா.
மாசி வெள்ளிக்கிழமை, 1958.

அன்புத் தம்பி சேதுராமனுக்கு அக்கா ருக்மணி எழுதுவது. நீயும் மல்லிகாவும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்புப் படிப்பு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மல்லிகாவுக்கு ஏழாம் மாதம் என்றார்கள். பாரம் தூக்க விடாதே. கோகிலா பள்ளிக்கூடம் போகிறாள். அப்பா சட்டையை ஆணியிலிருந்து எடுக்கக் கூடாது என்கிறாள். நானும் எடுக்கவில்லை.

கோலாலம்பூரில் உனக்குப் பெரிய வேலையாம். வேலை இடத்தில் ஆபத்து ஏன் வருகிறது, வேலைக்காரன் மனசில் என்ன ஓடுகிறது என்று ஊர் ஊராகப் போய் ஆராய்ச்சி பண்ணப் போகிறாயாம். அவரோடு ஆலையில் வேலை செய்த தம்பிராஜா அண்ணன் சொன்னார். அடுப்பில் சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீ முதன்முதலில் ஆராய்ச்சிக்கு வந்தது புக்கிட் ரம்பாயில் உன் மச்சான் வேலை செய்த ரப்பர் ஆலைக்கு. தங்கியது என் வீட்டில். துரையின் ஆள் என்று பயந்து உன்னிடம் யாரும் வாய் திறக்கவில்லை. "நம்ம மாப்ளதான், சும்மா பேசுங்கடா" என்று அவர்தான் ஒவ்வொருவராகக் கூட்டி வந்தார். "எம் மண்டைக்குள்ள என்னா தெரியுது மாப்ள, ரப்பர் பாலா?" என்று உன்னைக் கேலி பண்ணுவார். நீயும் சிரிப்பாய்.

உருளை மெஷினை நிறுத்தும் கம்பி உடைந்து கிடப்பதை உனக்குக் காட்டியதும் அவர்தான். துரையிடம் நானே சொல்கிறேன் என்றாய். சரியாகும்வரை ஓர் அடையாளம் கட்டலாம் என்று சாப்பிடும்போது பேசினீர்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் வேலை செய்யும் இடம், எழுதி வைத்தால் யார் படிப்பது? அவர் சிவப்புத் துணி கேட்டார். "சிவப்பு வேணாம் மச்சான், கம்யூனிஸ்டுன்னு போலீஸ் வந்து நிக்கும். அக்காகிட்ட மஞ்சள் இருக்கும்" என்றது யார்? நீதானே. என் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கொடுத்தேன். மஞ்சள் கட்டியிருந்தால் சுவிட்ச் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது ஆலையில் எல்லாருக்கும் தெரியும்.

அது நடந்த அன்று சுவிட்ச் பக்கத்தில் நின்றவரை, லாரியில் சாமான் ஏற்ற, வேலை வாங்கும் மண்டோர் கூப்பிட்டுக்கொண்டார். உருளை உன் மச்சான் கையைப் பிடித்து இழுத்தபோது நிறுத்த ஆளில்லை. அதற்குமேல் என்னால் எழுத முடியாது.

விசாரணையில் நீ இங்கிலீஷில் பேசினாய். என் தம்பி உள்ளதைச் சொல்கிறான் என்று பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். கணக்கெழுதும் கிராணி அதைத் தமிழில் சொன்னபோதுதான் புரிந்தது. மருதமுத்து மெஷினைச் சாமியாக நினைத்து வேண்டுதல் துணி கட்டினார், சாமி காக்கும் என்று கவனத்தை விட்டுவிட்டார், இப்படிப்பட்ட மனசு உள்ளவர்களுக்குத்தான் விபத்து வரும் என்றாயாம். கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தம்பிராஜா அண்ணன் எழுந்து, "அது அடையாளம்யா!" என்று கத்தினார். அவரை வெளியே அனுப்பினார்கள். துரை உன் கையைக் குலுக்கினார். நீ என்னைப் பார்க்காமலே காரில் ஏறினாய்.

இப்போது ஆலையில் அவருக்குப் பெயர் சாமித்துணி மருதமுத்து. சாமித்துணி மகளா என்று கோகிலாவிடமும் கேட்கிறார்களாம். அவர் சாமி கும்பிட்டவர்தான். ஆனால் சாமி எது, மெஷின் எது என்று தெரிந்த மனிதர். அது உனக்கும் தெரியும்.

தொட்டில் கட்ட அத்தை புடவை வேண்டும் என்று மல்லிகா கேட்டு எழுதியிருந்தாள். அந்த மஞ்சள் புடவையையே துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பூவும் பொட்டுமாக இருந்தபோது உடுத்தியது, தோஷமில்லை. நீ வந்து வாங்கிக்கொள். வரும் வழியில் ஆலையில் இறங்கி, அது என்ன துணி என்று எல்லாருக்கும் புரிகிற பாஷையில் சொல்லிவிட்டு வா.

நீ வராவிட்டாலும் தம்பிராஜா அண்ணனிடம் கொடுத்தனுப்புவேன். பிள்ளை என்ன பாவம் செய்தது? தலைப்பு இருக்காது. கிழிந்த ஓரத்தை நான் மடித்துத் தைக்கவில்லை.

உன் பிள்ளை நூறு வயசு இருக்கட்டும். உன்னை நம்பி வளரட்டும்.

இப்படிக்கு,
மருதமுத்து மனைவி
ருக்மணி