தலைக்கட்டுக்கு ஒரு ஆள்

ஜூலை 28, திங்கள்

கரண்ட் இல்ல. வெல்டிங் பட்டறை லீவு. தோப்புக்குப் போயி அண்ணனுக்குச் சோறு குடுத்தேன்.

அண்ணன் ஆதித்தன் எங்க தோப்பு மோட்டார் ரூம்ல இருக்கான்னு ஊருக்குத் தெரியாது. கேரளாவுல ஏலக்காய் எஸ்டேட்ல சூப்பர்வைசர்னு அப்பா சொல்லி வச்சிருக்காரு. தெரிஞ்சா தங்கச்சிய எவனும் கட்ட மாட்டானாம். அவன் காதுக்குள்ள யாரோ பேசிக்கிட்டே இருக்காக. மாத்திரை குடுத்தா துப்பிருவான். அசந்தா ஓடிருவான்.

அவனப் பாக்குற மகிமா டாக்டர் சொன்னாக: கொஞ்ச மாசம் உள்ள வச்சு மருந்து குடுத்தா தேறிருவானாம். எங்க காலனிக்குப் பின்னாடி மனநோயாளிகளுக்குப் பூட்டு வார்டு கட்டுறாகல்ல, திறந்ததும் மொத பெட்டு இவனுக்குத்தானாம்.

நம்பலாமா? நம்பாம வேற என்ன பண்ண.

ஆகஸ்ட் 11, திங்கள்

வார்டு செவுத்துல எவனோ கரியால எழுதியிருக்கான்: ‘பைத்தியத்த உங்க வீட்டுல வச்சுக்க.’ வச்சுக்கிட்டுத்தானடா இருக்கோம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கிராமசபை. மகிமா டாக்டர் வந்து, செவுரு எம்புட்டு உயரம், காவலுக்கு எத்தன பேருன்னு எல்லாம் சொன்னாக. யாரு கேக்குறா? மகாலட்சுமி அத்தை எந்திரிச்சு, பொம்பளப் புள்ளைக அந்த வழியாத்தான ஸ்கூல் பஸ்சுக்கு நடக்குதுக, எவனாச்சும் ஏறிக் குதிச்சா நீங்களா வருவீகன்னு கேட்டுச்சு. லைட்டே இல்லாத ரோடு அது. அத்தை கேட்டதுலயும் நியாயம் இருக்கு, அதான் எரிச்சலா வருது.

உங்க ஊர்லயும் இந்த நோயி உள்ளவுக இருக்காக, அவுகளுக்காகத்தான் கட்டுறதேன்னாக டாக்டர். காலனித் தலைவர் கர்ணன் மாமா சிரிச்சுக்கிட்டே எங்க அப்பாவக் கிளப்பி விட்டாரு. “சுருளி, உன் தோப்புதான் பக்கத்துல. நீ சொல்லு.”

அப்பா எந்திரிச்சாரு. “எங்க ஊர்ல அப்படி ஒருத்தனும் இல்ல தாயி.”

டாக்டர் அவரையே பாத்தாக. ஒரு வார்த்த சொல்லியிருந்தா எல்லாம் வெளிய வந்திருக்கும். தண்ணி பாட்டில மூடிப் பைக்குள்ள வச்சுக்கிட்டாக.

நானாச்சும் எந்திரிச்சிருக்கலாம். உக்காந்தே இருந்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

அப்பாகிட்ட சண்ட. “காலேஜ்ல படிச்சுக் கிழிச்சவன் எனக்குச் சொல்ல வந்துட்டான்”னாரு. பாலிடெக்னிக்க விட்டத எதுக்கெடுத்தாலும் இழுப்பாரு. அம்மா தலையே தூக்கல. முருங்கக்கீரைய ஆஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வார்டு வேணாம்னு நாளைக்கு மறியல். தலைக்கட்டுக்கு ஒரு ஆள் வரணும்னு ஊர்க்கூட்டத்துல முடிவு. ஆள் அனுப்பாத வீட்டுல கோயில் கும்பிடுக்கு வரி வாங்க மாட்டாகளாம். வரி வாங்கலன்னா நாங்க ஊர்லயே இல்லாத மாதிரி. அப்பாவுக்குக் கால் வீக்கம்.

நான்தான் போகணுமாம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

போனேன். சாரல் வேற. தார் ரோட்டுல உக்காந்திருந்தோம். என் கூட்டாளி அஜய்குமார் சத்தமா சொல்றான்: “ஏலே, கேரளாவுல இருந்து உங்க அண்ணனையும் வரச் சொல்லு. ரெண்டு தலையா எண்ணிக்கிருவோம்.” எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன்.

கோஷமும் போட்டேன். இருக்கதுலயே என் தொண்டதான் சத்தமாம், கர்ணன் மாமா முதுகுல தட்டுனாரு.

ச்சீ.

செப்டம்பர் 4, வியாழன்

முடிஞ்சது. வார்டு இங்கன வராதுன்னு தாசில்தார் வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. கட்டடம் குடோன் ஆகுதாம். கோயில்ல பொங்கல், வெடி.

தோப்புக்கு ஓடுனேன். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு, அண்ணன் இரும்புக் குழாய்ல நெத்திய மோதி ஒரே ரத்தம். என் துண்ட வச்சு அமுக்கிப் புடிச்சேன்.

“யாருக்குடா கல்யாணம்?”னு கேட்டான்.

நம்ம சொந்தத்துலதான்னேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

மகிமா டாக்டருக்கு மாத்தல். போன் போட்டேன். கோவிக்கல. மெட்ராஸ் ஆஸ்பத்திரில அவனுக்கு இடம் கேக்குறேன், அப்பாவ மட்டும் சம்மதிக்க வையின்னாக. அப்பாகிட்ட கேட்டேன்.

“கேரளாவுல இருக்கவனுக்கு மெட்ராஸ்ல என்ன வேல?”

என்கிட்டயே சொல்றாரு. மூஞ்சில ஒரு மாத்தமும் இல்ல. இனி யாருகிட்ட போயிப் பேச?

செப்டம்பர் 28, ஞாயிறு

பட்டப்பகல்ல அண்ணன் காலனி ரோட்டுக்கு வந்துட்டான். பைக்ல ஏத்தித் தோப்புல விட்டேன். பந்து விளையாண்ட சின்னப் பயலுக யாருண்ணேன்னு கேட்டானுக. தெரியலயேன்னேன்.

அக்டோபர் 8, புதன்

அப்பா பட்டறைக்கே வந்துட்டாரு. தோப்புல மோட்டார் திருட்டுப் போகுது, மரக்கதவு பத்தல, கம்பிக் கதவு வேணும்னு முதலாளிகிட்ட சொன்னாரு. அளவெடுக்க என்னையத்தான் அனுப்புனாரு முதலாளி.

டேப்போட ஒரு முனைய அண்ணன் புடிச்சுக்கிட்டான். கொஞ்சம் ஏத்துன்னேன், ஏத்துனான். கை நடுங்கவே இல்ல. அளவ அவனே வாசிச்சுச் சொன்னான், சரியா இருந்துச்சு.

வெளிய வந்து, கம்பிக்குக் கம்பி எம்புட்டு விடணும்னு அப்பாகிட்ட கேட்டேன்.

சோத்துத் தட்டு நுழையுற அளவு போதும்னாரு.