ஜெசிக்கு ஈரக் காற்று

திங்கள், காலை 7.10
மன்னார் வளைகுடா, கடலடி ஆய்வு நிலையம். எழுதுவது ஜெனிட்டா, நீர்ப் பொறியாளர். உள்ளழுத்தம் சரி. ஈரம் உறிஞ்சும் கருவி ஓடுகிறது. மகள் ஜெசியின் ரத்த ஆக்சிஜன் 96. அவள் விரலில் மாட்டியிருக்கும் கருவி அந்த எண்ணைத் தானாகவே இந்தப் பதிவில் சேர்த்துவிடும்.

நான்கு மாதத்துக்கு முன் ஜெசி கீழ்வாசலில் தவறி விழுந்தாள். தரையில் திறந்திருக்கும் குழி அது; உள்ளழுத்தம்தான் கடல்நீரை ஏறவிடாமல் தடுக்கிறது. நாங்கள் கடலுக்குள் இறங்கும் வழி. மூச்சில்லாமல்தான் தூக்கினோம். கரையிலிருந்து இறங்கி வந்த டாக்டர்கள், கெட்டுப்போன நுரையீரலில் கடற்பஞ்சிலிருந்து வளர்த்த உயிர்ப்பசையைப் பூசிப் பிழைக்க வைத்தார்கள். பசை நன்றாகப் பிடிக்கும்வரை கரைக்குக் கொண்டுபோகக் கூடாதாம்.

இருமல் விடவில்லை. கரண்டியைக் காட்டினால் பெயர் வரவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை, கரண்டியை என் மேலேயே எறிகிறாள்.

செவ்வாய், மாலை 6.30
கரையிலிருந்து டாக்டர் தமயந்தி: "பயப்படாதீங்க ஜெனிட்டா. மூளைக்குக் காத்து போகாம இருந்துச்சுல்ல, அதோட பாதிப்பு மெதுவாத்தான் வெளிய தெரியும். மறதி, கை நடுக்கம், அடம், எல்லாம் வரும். சலிக்காம பேசிட்டே இருங்க. ரூம் காத்து மட்டும் ஈரமில்லாம பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கருவியை ஒரு நாளும் நிறுத்தியதில்லை.

மேலே படகிலிருந்து என் கணவர் ரெக்ஸன்: "ஏட்டி, இருமுதாளா இன்னும்? கல்லுப்பு போட்டு ஆவி புடிச்சு விடு. டாக்டருக்குப் படிச்ச மாரி மூஞ்ச வச்சிக்காத."

பிடித்துத்தான் விடுகிறேன், தினமும். போர்வைக்குள் உட்கார்ந்துவிட்டால் இருமலே இல்லை. எழுந்து வர மாட்டேன் என்கிறாள்.

வியாழன், இரவு 9.40
ஆவிப் போர்வைக்குள்ளேயே தூங்கிவிட்டாள். நெஞ்சு அசையவில்லை. உலுக்கி எழுப்பினேன். "ஏன் எழுப்புற?" என்பது போல முறைத்தாள். அவ்வளவு நேரமும் ஆக்சிஜன் 97. மூச்சே விடாத பிள்ளைக்கு 97.

போர்வைக்கு வெளியே வந்ததும் 84. மறுபடி ஆவிக்குள் வைத்தேன். ஏறியது.

வெள்ளி, காலை 8.15
டாக்டரிடம் சொன்னேன். உடனே கேட்டார்: "ஆவியா? உப்புப் போட்டா? எத்தன நாளாம்மா? அந்தப் பசை ஈரத்துலதான் பரவும். அதுக்குத்தானே ரூம் காத்தச் சொன்னேன்!"

அறைக் காற்றைத்தான் சொன்னார். சளிக்கு ஆவி பிடிப்பதை யாராவது டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்வார்களா?

பசை நுரையீரல் முழுக்க மூடிவிட்டதாம். இனி வறண்ட காற்று அவளுக்கு ஆகாது. ஈரத்தைக் குறைக்காமல் ஆவியிலேயே வைத்திருக்கச் சொல்கிறார்.

வெள்ளி, மாலை 5.50
ரெக்ஸன்: "நாளைக்குக் காலைல கூண்ட இறக்குறோம் ஜெனி. பிள்ளையக் கரைக்குக் கொண்டு போயிருவோம். நான் வாரேன், அழாத."

ஆட்களை ஏற்றி இறக்கும் அந்த மூடிய கூண்டுக்குள் வறண்ட காற்று. கத்திக் கத்திச் சொல்கிறேன். அவருக்குக் கேட்கவில்லை. ஆவியின் ஈரம் ஏறி ஒலிவாங்கி செத்துவிட்டது. மேலேயிருந்து வருவது எனக்குக் கேட்கிறது. என் குரல்தான் போகவில்லை; இந்தப் பதிவையும் மேலே யாரும் உடனே பார்ப்பதில்லை. டாக்டர் அவரிடம் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. டாக்டருக்கும் என் அழைப்பு போகவில்லை.

ஆவியிலும் இப்போது 88தான்.

சனி, காலை 7.20
கண் அசந்துவிட்டேன். போர்வை காலி.

கீழ்வாசல் ஓரத்தில் அவள் சட்டை. கீழே, வெளிச்சம் எட்டும் ஆழத்தில் ஜெசி. கண் திறந்திருக்கிறது. ஒரு குமிழிகூட மேலே வரவில்லை. எண் வந்துகொண்டே இருக்கிறது. 98. விழுந்ததிலிருந்து அவளுக்கு 98 வந்ததே இல்லை.

என்னைப் பார்த்துக் கையாட்டுகிறாள்.

இறங்கி வரும் கூண்டிலிருந்து ரெக்ஸன்: "ஜெனி! பிள்ள தண்ணிக்குள்ள கெடக்கா! ஏட்டி, என்ன பாத்துட்டு நிக்க? நான் குதிக்கேன்!"

யார் இதைப் படித்தாலும்: அவளைத் தூக்காதீர்கள். நெஞ்சை அழுத்தாதீர்கள். அவள் மூழ்கவில்லை. அவர் நீந்தி வருகிறார். நான் இறங்குகிறேன், அவருக்கு முன்னால் நான்

தானியங்கிப் பதிவு
7.26 ஆக்சிஜன் 98
7.28 ஆக்சிஜன் 98
7.29 கூண்டுக் கதவு மூடப்பட்டது. உள்ளே இருவர்: ரெக்ஸன், ஜெசி.
7.30 ஆக்சிஜன் 81
7.32 ஆக்சிஜன் 57