மரங்கொத்தி குடைந்த பொந்து

மார்ச் 3, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். மின்னலில் தலை போன தென்னையில் மரங்கொத்தி ஜோடி பதினைந்து நாளாகக் குடைந்த பொந்து. இன்று ஏழரைக்கு அதற்குள் மைனா ஜோடி. மரங்கொத்திகள் பலாவில் உட்கார்ந்து கத்தல். வேறென்ன செய்யும்?

பக்கத்து வீட்டுத் தங்கம் அக்கா மதிலுக்கு மேல் தலை நீட்டி, "டீச்சரே, அந்தத் தெங்கு எங்களுக்க ஓட்டுல விழுந்தா யாரு பாப்பா? வெட்டணும் ஆக்கும்."

குஞ்சு பறக்கட்டும் என்றேன்.

"பட்சிக்க மேல உள்ள கரிசனம் எங்களுக்க மேல இல்லியே!"

நியாயம்தான். அதனால் கூடுதல் எரிச்சல்.

மார்ச் 5, வியாழன்
பலாவில் பலகைப் பெட்டி கட்டினேன். மைனா அங்கே குடிபோனால் பொந்து காலியாகும் என்ற நினைப்பு. மைனா பெட்டியையும் எடுத்துக்கொண்டது! பொந்தையும் விடவில்லை. மரங்கொத்தி இரண்டில் எதை நெருங்கினாலும் மைனாவிடம் கொத்து.

இடம் கூடினால் போட்டி குறையும் என்று எத்தனை வருடம் கல்லூரியில் பாடம் எடுத்தேன். இவர் காப்பி குடித்துக்கொண்டே, "ரெண்டு வீட்டையும் மைனா பேருக்கு ஆதாரம் பதிஞ்சு குடுத்தியா?" சிரிப்பு வேறு.

மார்ச் 7, சனி
நேற்றைய காற்றில் தென்னை தங்கம் அக்கா வீட்டுப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மூங்கிலில் போனைக் கட்டிப் பொந்துக்குள் பார்த்தேன். முட்டை இல்லை. மரம் வெட்டும் ஆளை நானே கூப்பிட்டேன். பத்து மணிக்கு மரம் தரையில்.

மைனாவுக்கு என்ன நஷ்டம்? பெட்டி இருக்கிறது. மரங்கொத்தியைக் காணோம். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்
வெயில். மதிலுக்கு அப்புறம் கூச்சல்: "டீச்சரே! ஒங்களுக்க மரங்கொத்தி எங்களுக்க மாவுல கொத்துது. வந்து கூட்டிட்டுப் போங்க!"

ஓடினேன். அவர்கள் மாமரத்தில், பட்ட கிளையில் புதுத் துளை. அதே ஜோடியா, தெரியாது. மைனா பெட்டியிலிருந்து அறுபது அடி, நடுவில் அவர்கள் வீடு. பெட்டியை இந்தத் தூரத்தில் கட்டியிருக்க வேண்டியவள் நான். மைனாவின் மூக்குக்கு முன்னால், ஒரே ஜோடி இரண்டையும் காவல் காக்கும்படி கட்டி வைத்தேன். முட்டாள்.

மார்ச் 21, சனி
தங்கம் அக்கா மாமரத்தடியில், கையில் துணி கட்டிய கம்பு. "மைனா எட்டிப் பாத்துது. வெரட்டி விட்டேன்."

விரட்டாதீர்கள் அக்கா, தானாக என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றேன்.

"நீங்க பாத்துட்டு நின்னது போரும். அதுக்க ஒரு வீடு போச்சுல்லா? அந்தப் பக்கமா வருது பாருங்க, ஓட்டுங்க!"

ஓட்டினேன்.