கடலை இல்லை என்று சொன்ன பக்கம்

செப். 29, திங்கள்

காலையில் மேகம். மழை வருவது போல் ஆசை காட்டிவிட்டுச் சுள்ளென்று வெயில். இடது முழங்கால் வலி. வலதுகால் அதைப் பார்த்துச் சிரிக்கிறது, அதன் முறையும் வரும்.

காலை பொங்கல், சாம்பார். மதியம் புளிக்குழம்பு, முட்டைக்கோஸ். இரவு சப்பாத்தி, பட்டாணிக் குருமா. எதிலும் கடலை இல்லை. கம்ப்யூட்டரில் அடித்தாயிற்று. ஒரு விரலால்தான். ஐந்தாவதோடு நின்றவளுக்கு ஒரு விரல் போதும்.

தண்டலத்திலிருந்து ரேவதி வந்தாள். நம் விடுதிக்கு இணையத்தில் பக்கம் செய்து கொடுத்தவள். இருநூறு பொண்ணுங்க ஒரகடம் கம்பெனிகளுக்கு மூன்று ஷிப்டு போய் வருதுங்க, மெஸ்ஸில் இன்று என்ன என்று எல்லாரும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் மெஸ் மேற்பார்வை. அடிக்கிற வேலை எனக்கு.

"பக்கம்னா இன்னா ரேவதி? நான் இங்க அடிக்கிறது அங்க எப்படிப் போவுது?" என்று ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது, இன்று கேட்டேன்.

அவள் எக்ஸ்எம்எல் என்றாள். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு தொடக்கக் குறி, ஒரு முடிவுக் குறி, ஒன்றுக்குள் ஒன்றாகப் பெட்டி. நடுவில் ஒரு இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாளாம். யாராவது பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் எங்கோ இருக்கிற சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டர் நம் கம்ப்யூட்டரைக் கேட்டு, நான் அடித்ததை வாங்கி, அந்தக் காலி இடத்தில் வைத்துக் காட்டும்.

"அப்ப நம்ம பாத்தித் தட்டு மாதிரின்னு சொல்லு. பள்ளம் அப்படியே கீது, நாம தெனம் வேற வேற ஊத்துறோம்."

"அக்கா, நான் ரெண்டு வருஷம் படிச்சத நீங்க ஒரு தட்டுல முடிச்சிட்டீங்க."

சாயங்காலம் வரை எனக்கு ஒரே பெருமை. சமையல் மாஸ்டரிடம் மூன்று தடவை சொன்னேன். "கொழம்பு தீயுது, போம்மா" என்றார்.

செப். 30, செவ்வாய்

வெயில். காலை இட்லி, தேங்காய்ச் சட்னி. கடலை இல்லை. அடித்தாயிற்று.

ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் கடலை உண்டு, இல்லை என்று போடும் பழக்கம் செல்விக்காக வந்தது. தென்காசிப் பக்கத்துப் பொண்ணு, ஒயர் கட்டுற லைனில் வேலை. வேர்க்கடலை வாயில் பட்டால் தொண்டை அடைத்துவிடும். சேர்ந்த புதிதில் ஒவ்வொரு வேளையும் ஜன்னலில் நின்று கேட்பாள். "யக்கா, இதுல கடல கெடக்கா?" நானும் விடமாட்டேன். "வந்துட்டாங்கடி கடலை இன்ஸ்பெக்டரு! தொப்பி எங்கம்மா, லத்தி எங்கம்மா?" வரிசையே சிரிக்கும். பக்கம் வந்தபின் கேட்பதில்லை. போனைப் பார்ப்பாள், தட்டை நீட்டுவாள். வரிசை சீக்கிரம் நகருது, நல்லது.

சாயங்காலம் பூஜை. நாளைதான் ஆயுத பூஜை, ஆனால் மேனேஜர் காலையிலேயே ஊருக்குப் போகிறார், அதனால் இன்றே. மதியத்துக்குள் செய்தது:
நாளைக்கு வேண்டிய காய் எல்லாம் நறுக்கியது
மாவு அரைத்து வைத்தது
கிரைண்டர், மிக்சி, கத்தி, அரிவாள்மனை கழுவித் துடைத்தது
விடுதி வேனுக்கு மாலை
பொரி, சுண்டல், வாழைப்பழம்

எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அடுப்புக்கு மட்டும் ஓய்வு இல்லை பாவம், பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிப் பற்றவைத்துவிட்டோம். மற்றதை விஜயதசமி காலை வரை தொடக்கூடாது.

கம்ப்யூட்டரை நானே அணைத்தேன். திரையில் பொட்டு, சுவிட்சில் பொட்டு. "நீயும் ஒரு நாள் படுத்துக்கோ ராசா, என் விரல் குத்துனது போதும்" என்றேன். மேனேஜர் பாஸ்கர் சார்கூடச் சிரித்தார்.

மாஸ்டர்: "மிக்சியத் தொடக்கூடாதுன்னா காலைல சட்னிக்கு இன்னா பண்றது?"

"கூட்ரோடு டிபன் கடைல ரெண்டு வாளி சொல்லிடு மாஸ்டர். அவன் பூஜை நாளிக்கு சாயங்காலம்தான், காலைல அரைப்பான்."

அக். 1, புதன்

ஆஸ்பத்திரி பெஞ்சு. மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். 

ஏழரைக்குச் சட்னி வாளி வந்தது. வழவழவென்று இருந்தது. தொட்டு நக்கினேன், வேர்க்கடலை. மாஸ்டரிடம் சொன்னேன், கடலை சட்னி கொடுத்திருக்கான். கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பொட்டோடு சாமி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தொட மனசு வரவில்லை. அணைத்துத்தானே இருக்கு, பக்கம் காலியாக இருக்கும், காலியாக இருந்தால் செல்வி கேட்பாள், கேட்டால் சொல்லிக்கலாம். இப்படித்தான் நினைத்தேன். நல்லாத்தான் நினைத்தேன். சிலிண்டர் வண்டி வந்தது, பின்பக்கம் போனேன்.

திரும்பி வரும்போது சத்தம். "அக்கா, செல்வி மூஞ்சியப் பாருங்க, ஓடியாங்க!"

உதடு வீங்கி, கண் மூடிக்கொண்டு. கழுத்தைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு. தட்டில் ஒன்றரை இட்லி மீதி. அரை இட்லிதான் தின்றிருக்கிறாள்.

"யக்கா… கடல இல்லன்னுல்லா… போட்டிருக்கு…"

போனை நீட்டினாள். பார்த்தேன். மேலே அக். 1 புதன் என்று இன்றைய தேதி. கீழே இட்லி, தேங்காய்ச் சட்னி, கடலை இல்லை. நேற்று நான் அடித்தது. இன்றைய தேதிக்குக் கீழே நேற்றுச் சாப்பாடு.

வேனில் மாலை போட்டிருந்தது. பிய்த்துப் போட்டுவிட்டு எடுத்தோம். டிரைவர் எலுமிச்சம்பழத்தின் மேலேயே ஏற்றினான். வழியெல்லாம் கம்பெனி வாசலில் வாழைமரம் கட்டி மேளம். ஹாரன் அடித்தால் மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. என் மடியில் அவள் தலை. பேசு செல்வி, பேசு என்கிறேன். பேச முடிகிறவளிடம்தானே பேசு என்று சொல்லணும்.

டாக்டர் கேட்டார், என்ன சாப்பிட்டாங்க? கடலை சட்னி என்றேன். தெரிஞ்சா குடுத்தீங்க?  

தொடையில் ஊசி போட்டார்கள். உள்ளே விடவில்லை. கதவில் ஒரு கண்ணாடித் துண்டு, அதில் அவள் கால் மட்டும் தெரிகிறது. பெருவிரலில் சிவப்பு நெயில் பாலிஷ். அது அசையுதா, அசையுதா என்றே பார்த்துக்கொண்டு.

10.15. இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

10.40. இன்னொரு ஊசியாம்.

11.30. விரல் அசைந்தது.

12.10. நர்ஸ்: "மூச்சு சீராயிடுச்சும்மா. ஆனா திரும்ப வரலாம், நாளைக்கு வரைக்கும் இங்கதான்."

டீ குடித்தேன். இனிப்பா கசப்பா தெரியவில்லை.

அக். 2, வியாழன், விஜயதசமி

தூறல். துணி காயவில்லை.

கம்ப்யூட்டரின் பொட்டைத் துடைத்துச் சுவிட்சைப் போட்டேன். கை கூசியது. காலை உப்புமா, சர்க்கரை. கடலை இல்லை. இரண்டு தடவை வாசலில் போய் என் போனிலும் பார்த்தேன்.

மேனேஜர் ஊரிலிருந்து பாதியில் திரும்பி வந்துவிட்டார். ரேவதியைக் கூப்பிட்டிருந்தார். என்னையும் உள்ளே வரச்சொன்னார்.

"இன்னாம்மா ரேவதி, உன் மெஷினு பொய் சொல்லுது?"

ரேவதி முகம் வெளுத்திருந்தது, ஆனால் தெளிவாகச் சொன்னாள். தேதியைச் சர்வர் தானே போட்டுவிடுமாம், அதற்கு நம்மைக் கேட்கத் தேவையில்லை. சாப்பாட்டுக்குத்தான் நம் கம்ப்யூட்டரைக் கேட்கும். நம் கம்ப்யூட்டர் பதில் தராவிட்டால் கடைசியாக வந்த பதிலை எடுத்து அந்தக் காலி இடத்தில் வைத்துவிடும்.

"ஏன் அப்படி வெச்ச?"

"நீங்கதான் சார் சொன்னீங்க. கரெண்ட் போனா பக்கம் காலியா தெரியுது, பாக்குறவங்களுக்கு அசிங்கமா இருக்குது, ஏதாச்சும் தெரியணும்னு."

மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம் சொன்னார்: "சரி, இதெல்லாம் நமக்கு வேணாம். அந்தப் பொண்ணு வேற எடம் பாத்துக்கட்டும். இந்த மாதிரி ஒடம்ப வெச்சிக்கினு மெஸ்ல சாப்புடறது அதுக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. எழுதி வாங்கிடலாம்."

கம்பெனி வேன் நம் வாசலில்தான் ஏற்றிக்கொள்ளும். இங்கே இடம் இல்லையென்றால் செல்விக்கு வேலையும் இல்லை. ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எப்படி வாய் வந்ததோ. "சார், கம்ப்யூட்டர அணைச்சது நான். சட்னி கடலைன்னு தெரிஞ்சதும் எனக்குத்தான். பொட்டு வெச்சத எப்படித் தொடறதுன்னு வுட்டுட்டேன். அனுப்புறதுன்னா என்ன அனுப்பு."

"உன்ன அனுப்பிட்டா எரநூறு பேருக்கு யாரு பாப்பா?"

"அப்ப ரெண்டு பேருமே இருக்குறோம். பக்கத்த மாத்து. தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டும். பள்ளம் காலின்னா காலி. பழைய சோத்த எடுத்துப் புதுசுன்னு ஊத்துனா நீ என்ன இன்னா கேப்ப?"

ரேவதி: "ஒரே நாள் குடுங்க சார். அக்கா எப்ப அடிச்சாங்கன்ற நேரமும் அந்தப் பெட்டிக்குள்ளயே வரும். வேள மாறிட்டா, பதில் வரலன்னா, பழச தூக்கிடும்."

மேனேஜர் சொன்னார், சனிக்கிழமை காலை பார்ப்பேன். சரியாக இல்லையென்றால் அந்தப் பொண்ணு கிளம்பட்டும். அவ்வளவுதான் கிடைத்தது.

அக். 3, வெள்ளி

செல்வி வந்துவிட்டாள். முகம் இன்னும் உப்பல். மூன்றாவது மாடி, முழங்காலோடு ஏறினேன். ரசம், குழைந்த சோறு. நானே வைத்த ரசம். ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று படி முழுக்க யோசித்துக்கொண்டே போனேன், எதுவும் சரியாக இல்லை.

"ரசத்துல இன்னா இன்னா போட்டன்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்கக்கா."

சொன்னேன். சாப்பிட்டாள்.

"ஏண்டி, ஒரு வார்த்த ஜன்னல்ல கேட்டிருக்கக் கூடாதா? எதிர்லதான நின்ன?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள், கோபம்கூட இல்லாமல். "கேட்டா சிரிப்பியள்லாக்கா. எல்லாரும் திரும்பிப் பாப்பாவ. போனு சிரிக்காது."

கீழே இறங்கும்போது ஐம்பத்து நாலு படி. என்றைக்கும் எண்ணியதில்லை.

ரேவதி போன். "முடிஞ்சதுக்கா, நாளைக்குப் பாருங்க." சரி என்றேன். மாஸ்டர் உப்பு அதிகம் போட்டுவிட்டார் பருப்பில். அப்படியே சாப்பிட்டு எழுந்தேன். "ஒடம்பு சரியில்லியாம்மா?" என்று கேட்டார்.

அக். 4, சனி

காலை வெயில், காற்று. இட்லி, சட்னி. மிக்சியில் அரைத்தது.

ஆறே முக்காலுக்கு மேனேஜர், ரேவதி, நான். முதலில் நான் அடித்தேன். மேனேஜர் போனில் வந்தது, பக்கத்தில் 6.48 என்று நேரத்தோடு. அப்புறம் ரேவதி சொன்னாள், "இப்ப அணைங்கக்கா."

அணைத்தேன். சுவிட்சு ஓரத்தில் குங்குமம் கொஞ்சம் இன்னும் ஒட்டியிருந்தது.

மேனேஜர் திறந்தார். தேதி வந்தது. நேற்றையதும் வரவில்லை, சற்று முன் அடித்ததும் வரவில்லை. அந்த இடத்தில் சிவப்பில் ஒரு வரி: சமையல்கட்டிலிருந்து தகவல் இல்லை. கேட்டுவிட்டுச் சாப்பிடவும்.

திரும்பத் திறந்தார். அதே வரி. மூன்றாவது தடவையும்.

"அசிங்கமாத்தான் இருக்குது" என்றார். போனைப் பையில் போட்டுக்கொண்டு, "இருக்கட்டும்" என்றார். "அந்த வரியும் அந்தப் பொண்ணும், ரெண்டுமே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ரேவதி என் கையை அழுத்தினாள். சில்லென்று இருந்தது அவள் கை.

கம்ப்யூட்டரைத் திரும்பப் போடுவதற்குள் ஏழு மணி ஷிப்டு வரிசை வந்துவிட்டது. பத்துப் பதினைந்து பேருக்கு அப்புறம் செல்வி. போனைப் பார்த்தாள். சிவப்பு வரி அவளுக்கும் வந்திருக்கணும். வரிசையைத் திரும்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கரண்டி என் கையில். பின்னால் நின்ற ஒருத்தி, என் வாயைக் கேட்டுப் பழகியவள்தான், "வந்துட்டாங்கடி இன்ஸ்பெ…" என்று ஆரம்பித்தாள். "வாய மூடு" என்றேன். 

"யக்கா, சட்னில என்ன கெடக்கு?"

"தேங்காய். பொட்டுக்கடலை. பச்சமொளகா. இஞ்சி. உப்பு. தாளிக்கக் கடுகு, கறிவேப்பில, நல்லெண்ணெ. வேர்க்கடல இல்ல. நானே அரைச்சேன்."

முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் தட்டை நீட்டினாள்.