சுடாத பலகாரம்

ஐப்பசி 2, திங்கள்

விடியும்போதே தூறல். துலா மாதக் கூட்டம், அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. காவிரியில் முழுகாமல் குழாயடியில் ரெண்டு வாளி ஊற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் மார்க்கெட். பரங்கி லோடு வந்திருந்தது. தொட்டியம் பக்கத்துக் காய், நல்ல நிறம்.

மத்தியானம் மாப்பிள்ளை கடைக்கு வந்தார். ஃபாக்டரியில் ரெண்டாம் ஷிப்டு. நல்ல பிள்ளை. பேச்சுதான் ஒன்றொன்றாக விழும், உண்டியலைக் கவிழ்த்துத் தட்டின மாதிரி.

"மாமா, அவளுக்குக் கால் வீங்கியிருக்கு. ரத்தக் கொதிப்புன்னு லேடி டாக்டர் சொல்லிட்டாங்க. உப்பு கூடாது, எண்ணெய்ப் பண்டம் கூடாது, நெய், சீனி எல்லாம் குறைக்கணுமாம்."

"அப்ப எதைத்தான் திங்கிறது?"

"பரங்கிக்காய் நல்லதுன்னாங்க."

"அதுக்கு எதுக்கு டாக்டரு? நேரா என் கடைக்கு வந்திருந்தா நானே சொல்லியிருப்பேனே."

சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரியா சாப்பிட மாட்டேங்குறா மாமா. இனிப்பா ஏதாவது இருக்கான்னு மட்டும் கேக்குறா" என்றார்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

மாப்பிள்ளை தராசைப் பார்த்தார்.

வசந்தா என் ஒரே பெண். ஆறாம் மாதம். (இனி வ. என்றே எழுதுவேன். மூன்றாம் வகுப்புக் கைக்கு அது போதும்.) ஆடியில் அவள் அம்மா போன நாளிலிருந்து என்னோடு பேச்சில்லை. காரணம் நான்தான். பாடையில் கிடத்தத் தூக்கும்போது சொன்னேன்: "மெல்லத் தூக்குங்கப்பா, எந்திரிச்சுத் திட்டப் போறா." தூக்கினவர்கள் சிரித்துவிட்டார்கள். வ. வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றோடு சரி. அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து "அப்பா" வரவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. அன்றும் இல்லை, இன்றுவரை இல்லை. நாக்கில் ருசியும் போய்விட்டது. சாம்பாரும் வெந்நீரும் ஒன்றுதான். பசித்தால் தின்கிறேன்.

ஐப்பசி 3, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். பனியன் ரெண்டும் அழுக்கு.

வ.வுக்கு இது தலை தீபாவளி. எல்லாம் சரியாக இருந்தால் இங்கே வந்திருப்பார்கள். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. பலகாரம் சுடக்கூடாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக்கூடாது. இந்த வருஷம் இந்த வீட்டில் ஒருத்தியைச் சுட்டதோடு சரி என்று ஒரு பேச்சு வாய் வரைக்கும் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், போகட்டும்.

சுடாமல் செய்தால்? எண்ணெய் வேண்டாம் என்று டாக்டரும் சொல்கிறாள், ஊர் வழக்கமும் சொல்கிறது. ரெண்டும் ஒரே கட்சி.

பக்கத்துக் கடை ஜமால் பாயிடம் கேட்டேன். பேரீச்சம்பழ வியாபாரி.

"பாய், எண்ணெய்ச் சட்டி வைக்காம ஒரு இனிப்பு சொல்லுங்க."

"என் கடைப் பழத்தை அப்படியே வாயில போட்டுக்கங்க அண்ணே. அடுப்பே வேணாம்."

"செத்தாலும் வியாபாரத்தை விடமாட்டீங்களே."

அப்புறம் நிதானமாகச் சொன்னார். பரங்கியைத் துருவி ஆவியில் வேக வைக்க வேண்டுமாம். பேரீச்சம்பழத்தை இடித்து அதில் பிசைந்தால் சீனியே வேண்டாமாம்.

செய்தது:
பரங்கி, பெரிய கீற்று ஒன்று
பே. பழம், ரெண்டு கை
தேங்காய், அரை மூடி
ஏலக்காய், மூன்று
என் விரல் தோல், கொஞ்சம் (துருவும்போது)

இட்லிப் பானையில் வெந்தது. பிசைந்தேன். உருட்டினால் உருளவில்லை. வறட்டி தட்டப் போட்ட சாணி மாதிரி தட்டில் உட்கார்ந்தது.

ஐப்பசி 4, புதன்

அதை டப்பாவில் அடைத்துப் பாயிடம் கொண்டுபோனேன்.

"அண்ணே, இது இனிப்பு இல்ல, பசை. நோட்டீஸ் ஒட்டலாம்."

"இனிப்பு இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"ஏன், உங்க வாய்க்கு என்ன ஆச்சு?"

சொன்னேன். பாய் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இன்னொரு வாய் எடுத்துத் தின்றார். மெதுவாக மென்றார். "இனிப்பு சரியா இருக்கு. தண்ணிதான் ஜாஸ்தி. எள்ளை வறுத்து இடிச்சுப் போடுங்க, இழுத்துக்கும்."

தண்ணீர் விட்டது ஏன் என்று பிறகுதான் உறைத்தது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று இளங்காயைக் கொண்டுபோயிருக்கிறேன். "அழகைப் பாக்காதீங்கம்மா, காம்பு காய்ஞ்சிருக்கான்னு பாருங்க" என்று இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லி விற்கிற ஆள் நான்.

வண்ணான் வரவில்லை.

ஐப்பசி 5, வியாழன்

முற்றின காய். ஆவியில் வேக வைத்துத் துணியில் கட்டிப் பிழிந்தேன். எள் சேர்த்தேன். உருண்டது. இருபத்திரண்டு உருண்டை, ஒன்றுபோல் ஒன்று இல்லை, எங்கள் சொந்தக்காரர்கள் மாதிரி. பாய் தின்று பார்த்து, "இப்ப பலகாரம்" என்றார்.

ஐப்பசி 6, வெள்ளி

கடையைப் பாயிடம் விட்டுவிட்டுத் திருவெறும்பூர் போனேன். தூக்குவாளியில் உருண்டை.

"வாங்க சம்பந்தி. என்ன, கையில தூக்கு?" மாப்பிள்ளையின் அம்மா.

"பலகாரம், சம்பந்தியம்மா."

முகம் மாறிவிட்டது. "துக்க வீட்ல பலகாரம் சுட்டீங்களா?"

"சுடல. ஆவியில வெந்தது. இது சுடாத பலகாரம்."

"சுடாததுக்குப் பலகாரம்னு பேரா?"

"பேரை நீங்களே வைங்க. எப்படியும் பேரப்பிள்ளைக்கு ஒண்ணு யோசிச்சுக்கிட்டு இருப்பீங்க, இதுக்கும் சேத்து யோசிங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு மூடியைத் திறந்தார். ஒன்றை உடைத்து மோந்து பார்த்தார்.

"எள்ளா?"

"ஆமா. தண்ணி இழுக்கும்னு..."

"மாசமா இருக்கிறவளுக்கு யாராவது எள்ளு குடுப்பாங்களா? சூடு தாங்குமா? அதுவும் உங்க வீட்ல இருந்து, இந்த வருஷம் பாத்து, எள்ளு..."

நிறுத்திக்கொண்டார். திதிக்கு இறைக்கிற எள் என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நல்ல மனுஷி. எனக்கு அது தோன்றவே இல்லை. பாயைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்கு எள் என்றால் எள்தான்.

வ. உள் அறையில் இருந்தாள். முகம் பார்க்கவில்லை. குரல் மட்டும் கேட்டது, மாப்பிள்ளையிடம்: "எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. இதையும் வெளையாட்டாத்தான் செஞ்சிருப்பாரு."

இதற்கு ஒரு பதில் இருந்தது என்னிடம். நல்ல பதில், எல்லோரும் சிரித்திருப்பார்கள். விழுங்கிவிட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு ரெண்டு, கண்டக்டருக்கு ரெண்டு. சந்தோஷமாகத் தின்றார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. காவிரிப் பாலத்தில் மாட்டு வண்டி குறுக்கே நின்று பஸ் நின்றது. தண்ணீரைப் பார்த்தேன். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

ஐப்பசி 8, ஞாயிறு, தீபாவளி

நாலு மணியிலிருந்து வெடி. எண்ணெய் தேய்க்கவில்லை. பச்சைத் தண்ணீரில் குளித்தேன். எதிர்வீட்டு அம்மா இலையில் வைத்து மைசூர்பாகும் தேன்குழலும் கொடுத்துவிட்டுப் போனார். துக்க வீட்டுக்கு மற்றவர்கள்தான் கொடுக்க வேண்டும். தின்றேன். மொறுமொறுப்பு தெரிந்தது. அவ்வளவே.

மார்க்கெட் லீவு. வேறு வேலை இல்லை, மறுபடி செய்தேன். எள்ளுக்குப் பதில் பொட்டுக்கடலை மாவு. கொஞ்சம் சுக்கு. மற்றது அதேதான். ருசி பார்க்கப் பாயும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு பழம் கூடுதலாகப் போட்டேன்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வந்தார். புதுச் சட்டை இல்லை.

"அவ அனுப்பினாளா?"

"இல்ல மாமா. நானாத்தான் வந்தேன்."

"ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியலையே மாப்பிள்ளை, எப்படிக் குடும்பம் நடத்தப் போறீங்க?"

தூக்கைக் கொடுத்தேன். எள் இல்லை என்றேன். வெளையாட்டுக்குச் செய்யலன்னு சொல்லுங்க என்றேன். தெருமுனை வரை பின்னால் போய், "வேணாம், ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன்.

பகலெல்லாம் தூக்கம்.

ஐப்பசி 10, செவ்வாய்

வியாபாரம் மந்தம். பண்டிகை முடிந்து எல்லார் கையும் காலி. வானம் மூடிக்கொண்டே வந்தது.

குனிந்து காய் அடுக்கிக்கொண்டிருந்தேன். "கடைக்காரரே, நல்ல காயாப் பாத்து ஒண்ணு எடுங்க" என்று குரல்.

வ. நின்றாள். தனியாகப் பஸ்ஸில் வந்திருக்கிறாள். காலில் செருப்பு இல்லை. வீக்கத்தில் நுழைந்திருக்காது. பாய் ஓடிவந்து ஸ்டூல் போட்டார். உட்கார்ந்தாள்.

"நீங்க குடுத்துவிட்டது எல்லாத்தையும் நானே தின்னுட்டேன். அத்தை ஒண்ணு கேட்டாங்க, குடுக்கல."

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் அப்பா என்று சொல்லவில்லை.

"இனிப்பு சரியா இருந்துச்சா?"

"ஏன், செஞ்சவருக்குத் தெரியாதா?"

"உங்கப்பாவுக்கு ஆடியிலேருந்து நாக்குல ருசியே இல்லம்மா" என்றார் பாய். "நாந்தான் தின்னு தின்னு சொல்லுவேன்." சொல்லிவிட்டுத் தன் கடைப் பக்கம் போய்விட்டார்.

வ. பக்கத்தில் இருந்த காயின் காம்பைத் தடவிப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

வழக்கம்போல ஒன்று நாக்கு நுனிக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். லாரிக்காரன் எவனோ ஹாரன் அடித்தான். அது முடியட்டும் என்று நின்றேன்.

"தலைப்பக்கம் நாந்தான் பிடிச்சேம்மா. நாள் பூரா எடை தூக்குற கை. தூக்கினதுமே தெரிஞ்சுபோச்சு. ஒண்ணுமே இல்ல. அவ்வளவு லேசா இருந்தா. பக்கத்துலயே படுத்திருந்தவ, கரைஞ்சுக்கிட்டே வந்திருக்கா, நான் பாக்கல. பயந்துட்டேன். பயந்தா எனக்கு அப்படித்தான் வாய் வரும்."

வ. முந்தானையை எடுத்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். யாரோ ஒருத்தி வந்து பூசணிக்காய் இருக்கா என்று கேட்டாள், இல்லை என்றேன்.

"எந்திரிக்கணும், கையைக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். கனமாக இருந்தாள்.

காயைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் வரைக்கும் போனேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. காயை அவள் காலடியில் வைத்துவிட்டு இறங்கினேன். மழை பிடித்துக்கொண்டது.

"அப்பா, நனையாதீங்க. உள்ள போய் நில்லுங்க."

போகவில்லை. பஸ் தஞ்சாவூர் ரோட்டில் திரும்பும்வரை நின்றேன். சட்டை வேட்டி எல்லாம் தொப்பல். நாளை விடியற்காலை லோடு வருகிறது, சீக்கிரம் படுக்க வேண்டும்.